இன்னும் ஆரம்பிக்காத கம்பெனி

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தால் சத்தம் கேட்கும். கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை அவர் பிரிக்கவிடவில்லை. வெயில் காலத்தில் எழுந்தால் உறை முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். 'கிழிச்சிப் போட்டுடட்டுமாக்கா?' என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"இருக்கட்டும்மா. இன்னும் ஆரம்பிக்கலயே."

இதுதான் அவர் பதில். நாற்காலிக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும். சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கட்டுமா என்றாலும், வாசலில் பெயர்ப்பலகை வைக்கலாமா என்றாலும், கம்பெனிக்கு என்ன பெயர் என்று தபால்காரர் கேட்டாலும் அதே பதில்தான். நான் சேர்ந்தபோதும் ஆரம்பிக்கவில்லை. மலையில் பாதி கிராமங்கள் எங்கள் செயலியை வைத்துச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோதும் ஆரம்பிக்கவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயர் வைப்பதில் அவருக்கு இருந்த தயக்கத்துக்கு நான் செய்யும் மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் அறை. யூரியா வாடையும் பூச்சிமருந்து வாடையும் படியேறி வந்துகொண்டே இருக்கும். வாசலுக்கு மேலே 'தட்டச்சு, சுருக்கெழுத்துப் பயிலகம்' என்று பழைய பலகை ஒன்று. எங்களுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர்களுடையது. அக்கா அதைக் கழற்றவில்லை. மாதத்துக்கு நாலு பேராவது மூச்சிரைக்க ஏறி வந்து, "லோயர் பரீட்சைக்கு இங்கதான சொல்லித் தர்றீங்க?" என்பார்கள். அக்கா அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, வேறு இடம் காட்டி அனுப்புவார். பலகையைக் கழற்றினால் தீரும் தொந்தரவு. அவருக்கு அது தொந்தரவாகவே தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் நான் பெயருக்காக ஏங்கியவள்.

என் வீடு கருணாபுரத்தில். அப்பா மூட்டை தூக்குகிறார், அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கடந்து வந்த முதல் ஆள் நான். அதற்கு மேல் கல்லூரி, அதற்கு மேல் இன்ஜினியரிங். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும். ஆனால் சென்னையில் நேர்காணலுக்குப் போய் ஊரைச் சொன்னால், எதிரில் இருப்பவர் ஒரு நொடி நிறுத்துவார். "அந்த... நியூஸ்ல வந்த இடமா?" என்பார். சாராயத்தில் அத்தனை பேர் செத்த அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. பக்கத்து வீடுகளில் செத்தார்கள். அதை எப்படி ஒரு நேர்காணலில் விளக்குவது? கேட்பவர் முகத்தில் இரக்கம் வந்துவிடும். அதன்பிறகு நான் எழுதிய புரோகிராமை யாரும் கவனித்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

அக்காவும் ஊரைக் கேட்டார். சொன்னேன். "கருணாபுரத்துல எந்தப் பக்கம்?" என்றார். மறுபடி சொன்னேன். "அங்கேர்ந்து நடந்தா வந்த இந்த வெயில்ல? மொதல்ல தண்ணி குடி" என்றார். அவ்வளவுதான். பிறகு நான் எழுதிய புரோகிராமைத் திறந்து, தோளில் தொங்கிய கைப்பையைக்கூடக் கழற்றாமல், வெகுநேரம் படித்தார்.

"எப்பக்கா சேரணும்?" என்று கேட்டேன்.

"சேர்றதுக்கு கம்பெனி இன்னும் ஆரம்பிக்கலம்மா. ஆனா வேல நாளைக்கே இருக்குது."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

அந்தக் கைப்பையைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலை செய்யும்போதும், சாப்பிடும்போதும், உரக்கடைக்காரரோடு வாடகை பேசும்போதும் அது அவர் தோளிலேயே இருக்கும். பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி. எந்த நேரமும் எழுந்து போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு அந்தப் பையைப் பார்த்துத்தான் வந்தது.

வேலை என்னவென்றால் இதுதான். கல்வராயன் மலைக்கு மளிகையும் சிமெண்டும் ஏற்றிப்போகும் வண்டிகள் பெரும்பாலும் வெறுமனேதான் இறங்கும். மேலே சாமையும் கடுக்காயும் புளியும் வைத்திருப்பவர்களோ, இறக்குவதற்கு வண்டி கிடைக்காமல் வந்த வியாபாரிக்கு அவன் சொன்ன விலைக்கே கொடுத்துவிடுவார்கள். வெறும் வண்டியையும் தேங்கிய மூட்டையையும் சேர்த்துவைப்பதுதான் எங்கள் செயலி. போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், படிக்கத் தெரியவேண்டாம். அழுத்திய இடத்தைப் போனே சொல்லிவிடும். எந்த டிரைவர் எங்கே போகவேண்டும் என்று பிரித்து அனுப்பும் பகுதியை எழுதியவள் நான்.

பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவர் அக்கா. அங்கே சிநேகிதர்களோடு ஒரு கம்பெனியும் நடத்தியிருக்கிறார். அது மூடிப்போயிற்று. அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். "கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏத்தி, கேக்கு வெட்டி, போட்டா புடிச்சி ஆரம்பிச்சோம்மா. போட்டா எல்லாம் நல்லா வந்துச்சி."

அவர் சொந்த ஊர் திருநாவலூருக்குப் பக்கத்துக் கிராமம். கரும்பு போடுகிற குடும்பம். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊர்க் கோயிலுக்குப் புதுத் தேர் செய்திருக்கிறார்கள். திருவிழாவுக்கு முன்னால் சாமியை ஏற்றாமல் தெருவில் இழுத்துப் பார்ப்பார்களே, அந்த வெள்ளோட்டத்தில் தேர் மூலை திரும்பும்போது சக்கரம் சாக்கடையில் இறங்கிவிட்டது. ஊரே சிரித்தது. ஆளுக்கொரு யோசனை சொல்லி, கட்டை போட்டு ஏற்றி, தண்ணீர்ப்பந்தலில் மோர் குடித்துவிட்டுப் போனார்களாம். திருவிழா அன்று அதே மூலையில் அதே சக்கரம் இறங்கியது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சாமி குத்தம் என்றார்கள். யார் தீட்டோடு வந்தது, யார் முறை மாறி வடம் தொட்டது என்று ஆரம்பித்து, அடிதடியாகி, போலீஸ் வந்ததாம்.

"அதே தேரு, அதே பள்ளம். வெள்ளோட்டத்துல சிரிச்ச அதே ஜனம்" என்று முடித்தார் அக்கா. கதை சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு குழந்தைச் சந்தோஷம் இருந்தது. அது சிரித்த நாளுக்கான சந்தோஷமா, அடித்துக்கொண்ட நாளைப் புரிந்துகொண்ட சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வேலை முழுவதையும் அவர் வெள்ளோட்டம் என்றே சொன்னார். மாதம் பிறந்ததும் சம்பளம் மட்டும் சரியாக வந்துவிடும். "சம்பளத்துக்கு மட்டும் திருவிழாவாக்கா?" என்று கேட்டேன். "அது வடம் இழுக்கிறவங்களுக்கு மோருமா" என்றார்.

அம்மாவுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"கம்பெனிக்கு இன்னா பேருடி?"

"இன்னும் வைக்கலம்மா."

"பொறந்த கொயந்தைக்கே மூணாம் மாசம் பேரு வச்சிடறோம். இத்தினி நாளா பேரில்லாத இன்னாடி கம்பெனி அது? கேக்கறவங்களுக்கு நான் இன்னான்னு சொல்றது?"

கடைசியில் அம்மா தானே ஒரு பதில் கண்டுபிடித்துக்கொண்டார். சித்தாள் வேலைக்கு வரும் பெண்களிடம், "எம் பொண்ணு டைப்படிக்கிற எடத்துல வேல செய்யுது" என்று சொன்னார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனபோது பலகையைப் பார்த்திருக்கிறார். நான் எழுதும் புரோகிராம் ஒரு மலையையே இயக்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அன்று இரவுச் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கீழே உரக்கடையில் பூசணிக்காய் உடைத்துப் பொரி கொடுத்தார்கள். நானும் என் கைக்காசில் ஒரு தேங்காயும் பூவும் வாங்கிக்கொண்டு ஏறினேன். கம்ப்யூட்டருக்குச் சந்தனமாவது வைத்துவிட்டால் ஆரம்பித்த மாதிரி ஆகிவிடாதா என்று ஒரு கணக்கு.

அக்கா தேங்காயைக் கையில் வாங்கினார். காதருகே வைத்து ஆட்டி, தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். "நல்ல காயி. செல்வத்துக்கிட்ட குடுத்துடு. வண்டி வச்சிருக்கறவங்க ஒடைக்கட்டும்" என்றார். "ஆரம்பிக்காத கடைக்கு இன்னாத்துக்குமா பூச?"

செல்வம் அண்ணன் எங்கள் செயலியில் ஓடும் டிரைவர்களில் மூத்தவர். மினி லாரி வைத்திருந்தார். மலையடிவார முனீஸ்வரனுக்காக வண்டியில் எப்போதும் ஒரு தேங்காய் இருக்கும். நான் கொடுத்ததைப் பார்த்துச் சிரித்தார். "உங்க அக்கா கம்பெனிய தொறக்கறதுக்குள்ள எனக்குப் பேரப் புள்ள பொறந்துடும். அதுக்காச்சும் பேரு வைப்பமா, இல்ல வெள்ளோட்டத்துலயே வுட்டுடுவமா?"

நான் சிரிக்கவில்லை.

அடுத்த சாமை அறுப்பின்போதுதான் அந்தத் தவறு நடந்தது. என் தவறு. அன்று காலை திரையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரே இடத்தில் கோரிக்கைகள் குவிந்தன. ஒன்றின்மேல் ஒன்றாகப் புள்ளிகள். இத்தனை மூட்டை ஒரே இடத்தில் இருக்கிறதே என்று என் புரோகிராம் சின்ன வண்டிகளை விட்டுவிட்டு மூன்று மினி லாரிகளை அங்கே அனுப்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய கம்பெனிகளில் நடப்பது போல இங்கேயும் நடக்கிறது என்று நினைத்தேன்.

போய்ச் சேர்ந்ததும் செல்வம் அண்ணன் போன் செய்தார்.

"ஏம்மா, இங்க ஒரு நாவ மரம் இருக்குது. மூட்ட எங்கம்மா?"

"அங்கதாண்ணா இருக்கும். நல்லா பாருங்க."

"மரத்துல பையி தொங்குது. துணிப் பையி. மாங்கா காச்ச மாதிரி கொத்துக் கொத்தா தொங்குது. ஒரு பையி உள்ள சாமி பாட்டு பாடுது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னொன்னுல டிங்கு டிங்குனு மெசேஜ் வருது. அது நீ அனுப்புனதுதான்னு நெனைக்கிறேன், 'உங்கள் வண்டி வந்துவிட்டது'ன்னு. இங்க ஒரு அம்மாவும் ஆடுங்களும்தாம்மா இருக்குது. ஆட்ட ஏத்திக்கினு வந்துடவா?"

பிறகுதான் புரிந்தது. அந்தப் பக்கம் முழுவதற்கும் டவர் கிடைப்பது அந்த நாவல் மரத்தடியில் மட்டும்தான். கொல்லைக்காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் அங்கே வந்து, பொத்தானை அழுத்திவிட்டு, போனைப் பையில் போட்டுக் கிளையில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கையோடு கொண்டுபோனால் என்ன பிரயோசனம், மணியே அடிக்காதே. ஆடு மேய்க்கும் சின்னப்பொண்ணு அம்மா மரத்தடியில் காவல். யாருக்காவது போன் வந்தால் எடுத்துக் கேட்டு, மலைக்கு மலை கூவிச் சொல்வார். போனும் அதன் சொந்தக்காரரும் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று நினைத்து நான் எழுதியிருந்தேன். அங்கே போன்கள் ஓர் ஊராகவும் மனிதர்கள் வேறு ஊர்களாகவும் இருந்தார்கள்.

"தப்பு என்னுதுக்கா" என்றேன். அழுகை வந்தது.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளோட்டந்தானம்மா" என்றார். மலையேறும் ஒரு ஜீப்பைப் பிடித்து அவரே போனார். நான் அறையில் உட்கார்ந்து டிரைவர்களின் திட்டை வாங்கிக்கொண்டு தவறு எங்கே என்று தேடினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார். சுடிதார் முழுக்க ஒட்டுப்புல். பையிலிருந்து இலையில் சுற்றிய ஒரு தேங்காய்ச் சில்லை எடுத்து என் மேசையில் வைத்தார். "சாப்புடு. மேல குடுத்தாங்க."

"கண்டுபுடிச்சிட்டேன்க்கா. நாளைக்குள்ள திருத்திடலாம்."

"திருத்தாத. அப்படியே வுட்டுடு."

"தப்புக்கா அது!"

"மூட்டைங்க மரத்துக்கு வந்துடும். நீ வண்டிய மரத்துக்கே அனுப்பு."

அப்படித்தான் ஆயிற்று. மறுநாளிலிருந்து பெண்கள் மூட்டைகளை மரத்தடிக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். மற்ற இடங்களிலும் போன் தொங்கும் மரங்கள் இருந்தன, அங்கெல்லாம் அதுவே வழக்கமானது. என் தவறுதான் எங்கள் முறையாக மாறியது. இதில் எனக்குச் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியாமலே பல மாதம் வேலை செய்தேன்.

பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். புதுக் கம்பெனிகளில் பணம் போடுகிறவர்கள். ஓர் இளைஞர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். கூட ஒரு பெண், தமிழ் தெரியாதவர். இவர்கள் கைகொடுத்தால் மற்ற மலைகளுக்கும் போகலாம். இல்லையென்றால் அக்காவின் சேமிப்பு தீரும்வரைதான் நாங்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுவதும் நான் தூங்கவில்லை.

நாவல் மரத்தடிக்கு அவர்களை அழைத்துப்போனோம். நானும் அந்த மரத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். பைகள் காற்றில் ஆடின. அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல், மேலே மஞ்சள் துணி. பெண்கள் மூட்டையை ஏற்றும் முன் ஒரு பிடி தானியம் எடுத்துக் கல்லின் முன்னால் போட்டுவிட்டு ஏற்றினார்கள். வந்தவர்கள் விடாமல் போட்டோ எடுத்தார்கள்.

"ரொம்பப் பழைய கோயிலுங்களா?" என்று கேட்டார் அந்த இளைஞர்.

"அது அவங்க சாமிங்க" என்று சொல்லிவிட்டு அக்கா வண்டிப் பக்கம் போய்விட்டார். மலையில் எந்த மரத்தடியிலும் ஒரு கல் இருக்கும். நானும் அதற்குமேல் யோசிக்கவில்லை.

அறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். அக்காவின் நாற்காலி சத்தம் போட்டது.

"அருமைங்க. இப்படி ஒண்ண நான் பார்த்ததே இல்லீங்க" என்றார் இளைஞர். "எப்பங்க ஆரம்பிச்சீங்க?"

"இன்னும் ஆரம்பிக்கலீங்க."

அடக்கம் என்று நினைத்து அவர் சிரித்தார். "செரி, எப்ப ஆரம்பிக்கறீங்க? ஒரு தேதி சொல்லிருங்க. ஒரு பேரு வச்சிருங்க. பெங்களூர்ல சின்னதா ஒரு ஆபீஸ் போட்டுருங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

அக்கா கைப்பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார். "தேதி தெரியலீங்களே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இன்னொரு முறையும் கேட்டார்கள், அதே பதில். அந்தப் பெண் இளைஞரைப் பார்த்தார், இளைஞர் கடிகாரத்தைப் பார்த்தார். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். படியில் இறங்கும்போது பலகையை நிமிர்ந்து பார்த்து, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

நான் வெடித்துவிட்டேன். "ஒரு தேதி சொன்னா இன்னாக்கா ஆயிடும்? தேர்ல சாமி இல்லாம எத்தினி நாளுக்கா இழுக்கறது? எங்கம்மா என்னை டைப்படிக்கிறவன்னு சொல்லிக்கினு திரியுது. நான் செய்யறது வேலையா, வெளையாட்டா? அதையாவது சொல்லுங்க."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை. ஏதோ சொல்ல வாய் திறந்தார். பிறகு, "டீ சொல்லட்டுமாம்மா?" என்றார்.

பயந்தவர் என்று அன்றைக்கு முடிவுகட்டினேன். ஒருமுறை கேக் வெட்டி மூடியவர், இன்னொருமுறை வெட்ட நடுங்குகிறார். ஆரம்பிக்காததை யாரும் மூடமுடியாது அல்லவா? ஆனால் பயந்தவர் எதற்குப் பெங்களூரை விட்டுவிட்டு இந்த யூரியா வாடையில் வந்து உட்காரவேண்டும்?

தை பிறந்த பிறகு ஒரு திங்கட்கிழமை அக்கா வரவில்லை. போன் வந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஊரில் கொஞ்சநாள் இருக்கவேண்டும் என்றார். புரோகிராமின் பாஸ்வேர்டெல்லாம் எனக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். "வாடகை ஆடி வரைக்கும் குடுத்திருக்கேன். அதுக்கப்பறம் உன் இஷ்டம்மா" என்றார்.

"கம்பெனிய மூடறீங்களாக்கா?"

"தொறந்தாத்தானம்மா மூட?"

எரிச்சலாக இருந்தது. அதே வாரம் சென்னையில் ஒரு கம்பெனியிலிருந்து வேலை வந்தது. கண்ணாடிக் கட்டடம், நாலு மாடி உயரத்தில் பெயர். அம்மாவிடம் பெயரைச் சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பெயருள்ள கம்பெனி. சேருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

போவதற்கு முன்னால் மலைக்காரர்களுக்குச் சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை என்று தோன்றியது. செல்வம் அண்ணனின் வண்டியில் ஏறினேன். நாவல் மரத்தடியில் சின்னப்பொண்ணு அம்மா ஆடுகளோடு இருந்தார்.

"ஆடி வரைக்கும் வண்டி வரும்மா. அப்பறம் நின்னுடும்" என்றேன்.

"நிக்கறதுன்னா?"

"கம்பெனி இல்லம்மா இனிமே. அது இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. வெள்ளோட்டம் மாதிரி வுட்டுப் பாத்தோம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லாக் கீதே கத. ஆரம்பிக்கலயா? அப்ப இது இன்னா?" என்று மஞ்சள் பூசிய கல்லைக் காட்டினார்.

"இது உங்க சாமிதானம்மா?"

"எங்க சாமி அதோ அந்தக் குன்னு மேல இருக்குது. இது உங்க அக்கா வெச்சது."

அவர் ஆட்டை விரட்டிக்கொண்டே சொன்னார்.

"மூணு வண்டி சும்மா வந்து நின்னுச்சே, அன்னிக்கி. நான் நின்னு கூவினேன். பொண்ணுங்க எல்லாம் மூட்டையத் தூக்கிக்கினு ஓடியாந்தாங்க. புதுச் சாம. சாமிக்கு வெக்காம புதுச வண்டியில ஏத்த மாட்டோம் நாங்க. குன்னு ஏறி எறங்குறதுக்குள்ள பொழுது போயிடும், வண்டிக்காரங்க நிக்க மாட்டேங்கறாங்க. ஒரே சத்தம். உங்க அக்கா இன்னா பண்ணிச்சி தெரியுமா? தோளு பையக் கழட்டி, இதோ இந்தக் கெளையில மாட்டிச்சி, போன் பைங்களோட ஒரு பையா. 'சாமிய இங்கயே கூப்புடலாமாம்மா'ன்னு கேட்டுச்சி. கூப்புடலாமேன்னோம். கல்ல அதுதான் ஓடையிலேர்ந்து தூக்கியாந்துச்சி. தேங்காயும் அது கையாலதான் ஒடச்சிச்சி. ஒரே அடி, ரெண்டும் சமமா ஒடஞ்சிது. ஒடச்சிட்டு அழுதுச்சி. ஏம்மா அழுவறன்னா, ஒண்ணுமில்ல, ஆரம்பிச்சிட்டோம்னு சொல்லிச்சி."

நான் கிளையைப் பார்த்தேன். பைகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு பைக்குள் மணி அடித்தது. சின்னப்பொண்ணு அம்மா எழுந்து போய் எடுத்துக் கேட்டு, எதிர்மலையைப் பார்த்து யார் பெயரையோ சொல்லிக் கூவினார்.

செல்வம் அண்ணனிடம் திரும்பினேன். "நீங்களும் இருந்தீங்களாண்ணா அன்னிக்கி?"

"தேங்காயே நம்ம வண்டிதும்மா. முனீஸ்வரனுக்கு வச்சிருந்தது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீ பாட்டுக்கு கம்ப்யூட்டர்ல தப்பு தேடிக்கினு இருந்த."

இறங்கும்போது ஒரு வளைவில் டவர் வந்தது. சென்னையிலிருந்து அந்தக் கம்பெனிப் பெண் அழைத்தார். எந்தத் தேதியில் சேருகிறேன் என்று உறுதிப்படுத்த வேண்டுமாம். வண்டிச் சத்தத்தில் நான் கத்திச் சொன்னேன்: "வர முடியாதுங்க. இங்க வேல ஆரம்பிச்சிடுச்சிங்க."

"எப்போ ஆரம்பிச்சது?" என்று அவர் ஆச்சரியமாகக் கேட்டார். அடுத்த வளைவில் டவர் போய்விட்டது.

அறையின் வாடகையை இப்போது டிரைவர்களும் மலைப் பெண்களின் குழுவும் நானும் பார்த்துக்கொள்கிறோம். வாசலில் இன்னும் தட்டச்சுப் பலகைதான். அம்மாவுக்குச் சொல்ல ஒரு பெயர் வேண்டும், யோசித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா எப்போதாவது போன் செய்வார். "எப்படிம்மா போவுது வெள்ளோட்டம்?" என்பார். அந்தக் கல்லைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். மேலே அழுதுகொண்டு ஆரம்பித்துவிட்டோம் என்று சொன்னவர், கீழே வந்து எங்களிடம் ஏன் இல்லை என்றார்? எது உண்மை? கேட்டால், அதுவும் வெள்ளோட்டந்தானம்மா என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்காமலே வைத்துவிடுகிறேன்.

மூன்று வண்டிகள் மரத்தடிக்குப் போன அன்று சாயங்காலம் அவர் கொண்டுவந்து வைத்த தேங்காய்ச் சில்லை நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தின்றேன். இனித்ததா என்றுகூட நினைவில்லை.